இருபது நியூட்டன் மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு வண்டிக்கு ஆயில் மாற்றினோம். ஒன்றுக்கு முன் பிரேக். பேட்டரி கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரியில் ஒரு நாளுக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. ஒரு முழுப் பக்கம் நிரப்பும்படி எனக்கு என்ன நடந்துவிடப் போகிறது என்று ஜனவரியிலேயே நினைத்தேன். இதுவரை கால் பக்கத்தைத் தாண்டவில்லை.

நாலு மணிக்கு டீ. ஸ்டீல் டம்ளரை நான் துணி சுற்றித்தான் பிடிக்கிறேன். என் வீட்டுக்காரர் வெறும் கையில் வாங்கி, வாங்கியபடியே நின்று கதை பேசுகிறார். "தொழில்காரன் கைக்குச் சூடு தெரியாது" என்கிறார். நானும் இருபத்தாறு வருஷமாக இதே பட்டறையில்தான் இருக்கிறேன். எனக்குத் தெரிகிறது. ஒயரும் ஸ்கேனரும் பிடிக்கிற கை அவர் கணக்கில் தொழில்காரர் கை இல்லை போலிருக்கிறது.

மார்ச் 4, புதன்

சம்பந்தி வந்தார். மகளின் மாமனார், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். காரில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, கிலோமீட்டர், விவரம், காரணம் என்று நாலு கட்டம் போட்டது. இறங்கியதும் சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால் அதைத் திறந்து வாசித்தார்.

"காலைல ஒன்பது நாப்பதுக்கு, எண்பத்து நாலாயிரத்து முந்நூத்துப் பன்னிரண்டாவது கிலோமீட்டர்ல டாஷ்போர்டுல மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிஞ்சுது சம்பந்தி. மேட்டுல வண்டி இழுக்கல."

மூன்று வாரம் முன்னால்தான் இந்த வண்டியில் மேனிஃபோல்டைக் கழற்றி, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய்க் கூட்டத்தை இறக்கி, கேஸ்கெட் மாற்றினோம். கழற்றியது என் வீட்டுக்காரர். மாட்டியதும் அவர். சம்பந்தி நோட்டில் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

ஸ்கேனர் போட்டேன். கோளாறு எண் பி0325. நாக் சென்சார் சர்க்யூட் கோளாறு.

சம்பந்திக்கு விளக்காமல் தப்ப முடியாது. விளக்கினேன். இன்ஜின் உடம்பில் ஒரே ஒரு போல்ட்டால் இறுக்கி வைத்த சின்னச் சாமான் அது. உள்ளே பெட்ரோல் வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடித்தால் இன்ஜின் டொக் டொக்கென்று தட்டும். அந்த அதிர்வை இது உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தீப்பொறியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இன்ஜினைக் காப்பாற்றும். சென்சார் பேச்சை நம்ப முடியவில்லை என்றால், எதற்கு வம்பு என்று எப்போதுமே தள்ளிப் போடும். மேட்டில் இழுவை இல்லாதது அதனால்தான்.

"ஆள் வேலைக்கு வர்றாரு, ரிப்போர்ட் சரியா எழுதறதில்ல" என்றார் சம்பந்தி. புரிந்துகொண்டுவிட்டார்.

இருபத்தேழாம் தேதி இந்த வண்டிக்குத் தகுதிச் சோதனை. விளக்கு எரிந்தால் ஃபெயில். ஃபெயில் என்றால் ரோட்டில் எடுக்கக் கூடாது. மகள் வேலைக்குப் போவது இந்த வண்டியில்தான்.

மார்ச் 5, வியாழன்

அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தொட்டதும் விளக்கு திரும்ப வந்தது.

மதியம் மகள் போன் செய்தாள். "மாமா சாப்பிடும்போது சோதனைத் தேதியைச் சத்தமா வாசிச்சாரும்மா. வாசிச்சிட்டு ஒண்ணும் சொல்லல. ஏதாவது சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

மார்ச் 6, வெள்ளி

ஒயரைப் பார்த்தேன். சென்சார் கனெக்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு முனையாக. துரு இல்லை, எலி கடிக்கவில்லை, ஆட்டினாலும் அசைத்தாலும் அளவு மாறவில்லை. ஒயர் என்றால் அது என் இலாகா. என் இலாகாவில் தப்பில்லை என்று தெரிந்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. எழுதி வைப்பதில் என்ன வெட்கம்.

"சென்சார் போயிடுச்சு" என்றார் அவர். "கேஸ்கெட் மாத்தும்போது பழைய சென்சாரையே திரும்ப மாட்டினேன்ல. வயசாயிடுச்சு அதுக்கு."

நம் வயசு என்ன என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 7, சனி

புது சென்சார் மாட்டினார். மேனிஃபோல்டை இறக்க ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. அந்த இடத்துக்குக் கண் போகாது, கைதான் போகும். கையை நுழைத்து, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினார். கடைசியில் மணிக்கட்டால் ஒரு சுண்டு. அவ்வளவுதான் அவர் அளவு.

அலமாரியில் டார்க் ரெஞ்ச் பெட்டியோடு இருக்கிறது. எவ்வளவு முறுக்கு வேண்டுமோ அந்த எண்ணை வைத்து இறுக்கினால், அளவு வந்ததும் டிக்கென்று சொல்லிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி எங்கள் பட்டறையைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் அது இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. பெட்டியை இரண்டு தடவை திறந்திருக்கிறோம். இரண்டு தடவையும் இன்சூரன்ஸ்காரர் எதிரில் நின்றார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு பயிற்சி அதிகாரி மெக்கானிக்குகளை எல்லாம் உட்கார வைத்து, கை அளவை நம்பாதீர்கள் என்று பாடம் நடத்தினார். நிரூபிப்பதற்காக எல்லோர் கண்ணையும் கட்டி ஆளுக்கு ஆறு போல்ட் இறுக்கச் சொன்னார். மற்றவர்கள் கன்னாபின்னா என்று இறுக்கியிருந்தார்கள். இவருடைய ஆறும் அளவு பிசகவில்லை. அதிகாரி தன் ரெஞ்ச் மேல் சந்தேகப்பட்டு வேறு ரெஞ்ச் எடுத்து வந்து பார்த்தார். அந்தக் கதையை நானூறு தடவை கேட்டாயிற்று. நேரில் பார்த்தவள் என்பதால் இடையில் மறுக்கவும் வழியில்லை.

விளக்கு எரியவில்லை. சம்பந்தி நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

மார்ச் 9, திங்கள்

காலை ஒன்பது மணி. சம்பந்தி. நோட்டு. விளக்கு.

மார்ச் 10, செவ்வாய்

மட்டமான பெட்ரோல் போட்டால் இன்ஜின் நிஜமாகவே தட்டும். அதைச் சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்து, "எந்த பங்க்ல போடறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். நோட்டில் நாலு வருஷத்தைப் புரட்டிக் காட்டினார். ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே ரகம். "பம்ப் நம்பர் மூணு" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசினார்.

இன்று வேறு ஒரு வண்டியில் அவர் இறுக்கும்போது ஆயில் போல்ட் மரை சிதைந்துவிட்டது. "இப்பல்லாம் இரும்பு சரியில்ல" என்றார் அவர்.

அவர் வலது ஆள்காட்டி விரலில் ஒரு பெரிய கொப்புளம். சைலன்சரில் பட்டிருக்க வேண்டும். எப்போது பட்டது என்று கேட்டால் தெரியாதாம். கவனம் எங்கே மேய்கிறதோ.

மார்ச் 12, வியாழன்

ஸ்பேர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். டூப்ளிகேட் சாமான் கொடுத்துவிட்டீர்கள் என்று சொன்னேன். கடைக்காரர் பதினெட்டு வருஷப் பழக்கம். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அக்கா, சீல் போட்ட டப்பா. நீங்கதான் பிரிச்சீங்க. உங்களுக்கு நான் அப்படிக் குடுப்பேனாக்கா?"

"அப்ப ஏன் ரெண்டு நாள்ல போச்சு?"

"அதை மாட்டினவங்களைக் கேளுங்க."

இதற்கு எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த இன்னொரு டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். மாட்டினவரைக் கேட்பதாம். கண்ணைக் கட்டி ஆறு போல்ட் இறுக்கிய மனுஷனை.

மத்தியானம் அந்த மனுஷனே இரண்டாவது புது சென்சாரையும் மாட்டினார். இப்போதெல்லாம் சட்டை போடுவதில்லை, பனியன் போன்ற டீ-ஷர்ட்தான். இளமை திரும்புகிறதா என்று கேலி செய்தேன். "பட்டன் போடறதுக்கு நேரம் எங்க இருக்கு" என்றார். நாங்கள் கடை திறப்பது ஒன்பது மணிக்கு. அவர் எழுந்திருப்பது ஐந்து மணிக்கு.

மார்ச் 14, சனி

விளக்கு இல்லை. சம்பந்தி வரவில்லை. நல்ல நாள்.

மார்ச் 16, திங்கள்

வந்துவிட்டார்.

இந்தத் தடவை நோட்டைத் திறக்கவில்லை. வண்டியை நிறுத்தி, சாவியை மேசை மேல் வைத்து, "இன்னும் பதினோரு நாள்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனார். அந்த வயசில் அவரைப் பஸ்ஸில் அனுப்பியது எனக்கு என்னவோபோல் இருந்தது.

கழற்றி வைத்த சென்சார் இரண்டும் என் மேசையில் கிடந்தன, வண்டியோடு வந்த பழையது ஒன்று, முதல் புதுசு ஒன்று. வைஸ் இடுக்கியில் வைத்து அறுத்தேன். உள்ளே வளையம் மாதிரி ஒரு பீங்கான் தட்டு இருக்கும். அதிர்வை மின்சாரமாக்குவது அதுதான். இரண்டிலும் அது விரிசல் விட்டிருந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி.

பிறகு வண்டிக் கம்பெனியின் புத்தகத்தை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டியது. நாக் சென்சார் போல்ட்: முறுக்கு இருபது நியூட்டன் மீட்டர். கட்டம் கட்டி எழுதியிருக்கிறான். வாஷர் போடாதே, பசை தடவாதே, அளவுக்கு மேல் இறுக்காதே. இருபது என்பது ரொம்பக் குறைச்சல். சின்ன ஸ்பானரை ஒரு கையால் மிதமாகத் திருப்புகிற மாதிரி, அவ்வளவே.

புத்தகத்தை மூடிவிட்டு டீ போட்டேன். அவர் டம்ளரை வெறும் கையில் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் மேனிஃபோல்டை இறக்கி வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போன நேரத்தில் செய்தேன். திருட்டுத்தனம்தான்.

கைக்கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்து, போல்ட் தலையிலும் இன்ஜினிலும் சேர்த்து வெள்ளை பெயின்டால் ஒரு கோடு. போல்ட்டைத் தளர்த்திவிட்டு, டார்க் ரெஞ்சில் இருபது வைத்து இறுக்கினேன். டிக். கோடு சேரவில்லை. முப்பது. சேரவில்லை. நாற்பது. சேரவில்லை. நாற்பத்தெட்டில் கோடு சேர்ந்தது.

இருபது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு.

பக்கத்தில் நேற்று அவர் ப்ளக் மாற்றிய வண்டி நின்றது. அதையும் பார்த்தேன். நாலு ப்ளக். ஒன்றில் ஒன்றரை மடங்கு இறுக்கம், இன்னும் இரண்டில் இரட்டை மடங்கு, ஒன்றுக்கு ரெஞ்சின் அளவே போதவில்லை.

நான் ஒயரைச் சந்தேகப்பட்டேன். எலியைச் சந்தேகப்பட்டேன். நாலு வருஷம் ஒரே பம்பில் பெட்ரோல் போட்டவரைச் சந்தேகப்பட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கத்தைக் கடையில் நாலு பேர் எதிரில் திருடன் என்றேன். கையை மட்டும் விட்டுவிட்டேன். ஏனென்றால் அதை ஒருத்தர் பன்னிரண்டு வருஷம் முன்னால் சோதித்துவிட்டார்.

மார்ச் 18, புதன்

கொப்புளம். டம்ளர். பட்டன். மரை போன போல்ட். ஜனவரியில் கை தவறி உடைந்த கண்ணாடிக் கிண்ணம். போன் விரல் ரேகையை எடுக்கவில்லை என்று அதன் மேல் எரிந்து விழுந்தது. சாவியை பேன்ட் பையில் தேடும்போது ஏன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்கிறார்?

இதெல்லாம் இந்த டைரியிலேயே பாதி இருக்கிறது. எழுதினவள் நான்தான். ஸ்கேனர் கோளாறு எண்களை எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, ஒன்றையும் படிக்கவில்லை.

எப்படிக் கேட்பது?

மார்ச் 19, வியாழன்

போல்ட் டப்பாவை அவர் முன்னால் நீட்டினேன். முன்னெல்லாம் பார்க்காமலே கையை விட்டு எந்த நம்பர் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். பந்தயம் வைத்துக்கூடச் செய்திருக்கிறார்.

"பத்தாம் நம்பர் போல்ட் ஒண்ணு குடுங்க. பாக்காம."

என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்க்கவில்லை. கையை விட்டுத் துழாவினார். ரொம்ப நேரம் துழாவினார். எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது ஒரு பென்சில் துண்டு. நீளமாக இருந்தது, அது வரைக்கும் சரி.

அதை அவர் முன்னால் தூக்கிக் காட்டினேன்.

"எத்தனை நாளா?"

"நாளா? எட்டு மாசம் இருக்கும். முதல்ல விரல் நுனிதான். அப்புறம் மூணு விரலும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? ஸ்கேனர் போட்டுப் பாப்பியா?"

எட்டு மாசம். ஒரே கூரைக்கு அடியில, ஒரே பட்டறையில. எட்டு மாசமா இந்த மனுஷன் கை செத்துப் போயிருக்கு, நான் டீயைக் குடுத்துட்டு அவர் வீரத்தைப் பாத்து ரசிச்சிட்டு இருந்திருக்கேன். எனக்கு அவர் மேல கோபமா என் மேல கோபமான்னே தெரியல. ரெண்டும்தான்.

பிறகு அவராகவே சொன்னார், கீழே பார்த்தபடி. "நட்டு இறுகிடுச்சான்னு தெரியாது. தெரியலையேன்னு இன்னும் கொஞ்சம் இறுக்குவேன். கழண்டு கிழண்டு போச்சுன்னா என்ன பண்றதுன்னு இன்னும் கொஞ்சம்."

"சென்சார் உடையறது உங்களாலன்னு தெரியுமா?"

"ரெண்டாவது போனப்ப நெனச்சேன். நீ கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போனப்ப அது அவன் தப்பாவே இருக்கட்டும்னு நெனச்சேன்."

"நான் அவரைத் திருடன்னு சொல்லிட்டு வந்தேன்."

"தெரியும்." டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, "கை போச்சுன்னா நான் யாரு? உன் ஒயரைச் சுருட்டி வைக்கிற ஆளா?"

"ஒயர் சுருட்டறது அவ்வளவு கேவலமா?"

"கேவலம்னு எவன் சொன்னான்?"

"இப்ப நீங்கதான் சொன்னீங்க."

இதைப் பற்றிக் கால் மணி நேரம் சண்டை போட்டோம். ஒயர் சுருட்டுவதைப் பற்றி. அந்தச் சண்டை இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. முடிந்தபோது அவர் கண்ணைத் துடைத்தார், எந்தக் கையால் துடைக்கிறோம் என்று யோசித்துவிட்டு இடது புறங்கையால்.

மார்ச் 20, வெள்ளி

கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றார். மூன்றாவது சென்சார் வாங்கினேன். டப்பாவை அவரே பிரித்து, எனக்கும் கடையில் நின்ற இன்னும் இரண்டு பேருக்கும் காட்டிவிட்டுக் கொடுத்தார். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

வந்ததும் பட்டறையின் வேலைப் பதிவேட்டை எடுத்தேன். எட்டு மாசத்தில் அவர் கை பட்ட வண்டிகளில் சக்கரமும் பிரேக்கும் மட்டும் தனியாகக் குறித்தேன். இருபத்து மூன்று. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வண்டி நம்பர், எந்தப் பக்கச் சக்கரம், அன்று மழையா வெயிலா என்பது உட்பட. தலையில் ஒன்றும் கெடவில்லை.

மார்ச் 21, சனி

போன் போட்டுப் போட்டுக் காது வலிக்கிறது. முதல் மூன்று பேரிடம் "இலவசச் சோதனை, கொண்டு வாங்க" என்றேன். மூன்று பேரும் சந்தேகப்பட்டார்கள். ஒருவர், "என்கிட்ட எதை மறைக்கிறீங்க?" என்று நேராகவே கேட்டார். நாலாவது ஆளிடம் அவர் போனை வாங்கி, "என் கைல உணர்வு சரியில்ல சார். உங்க சக்கரத்தை அளவுக்கு மேல இறுக்கியிருப்பேன். கொஞ்சம் கொண்டு வாங்க" என்றார். அந்த ஆள் அரை மணியில் வந்துவிட்டார். அதன் பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னோம்.

மார்ச் 23, திங்கள்

இதுவரை பதினாறு வண்டி. எல்லாம் அதிக இறுக்கம், ஆபத்து ஒன்றும் இல்லை. தளர்த்தி, அளவு வைத்து இறுக்கி அனுப்பினோம்.

பதினேழாவது, நர்ஸ் ஒருவரின் சின்ன வெள்ளைக் கார். பின் சக்கரத்து நட்டு நாலில் ரெஞ்ச் வைத்ததும் ஒன்றின் ஸ்டட், அதாவது நட்டு மாட்டுகிற கம்பி, முறிந்து கையோடு வந்துவிட்டது. இன்னொன்றில் பாதி வரை விரிசல். நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் குழந்தை உட்காரும் இருக்கை கட்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். எழுந்து போய் நர்ஸிடம் உடைந்த ஸ்டட்டைக் காட்டி, "இது நான் செஞ்சது" என்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

நர்ஸ் ஸ்டட்டைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் திருப்பிப் பார்த்தாராம். கட்டை விரல் அடியில் சதை வற்றியிருக்கிறது, உடனே காட்டுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் ஒரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு புது ஸ்டட் போட்டதும் கிளம்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 24, செவ்வாய்

மீதி ஆறு வண்டியையும் பார்த்து முடித்தோம், அதிக இறுக்கம் மட்டும்தான். சம்பந்தி வண்டிக்கு மூன்றாவது புது சென்சார். யார் மாட்டுவது என்ற பேச்சே வரவில்லை. அவர் கையை நுழைத்தார். நான் டார்க் ரெஞ்சில் இருபது வைத்து நீட்டினேன். கூரையைப் பார்த்துக்கொண்டு திருப்பினார். டிக்.

"இதானா?" என்றார்.

"இதான்."

"இன்னும் கொஞ்சம் வேணும் போல இருக்கே."

"வேணாம்."

ரெஞ்சை எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து முப்பது வருஷத்தில் ஒரு போல்ட்டை இவ்வளவு மனசில்லாமல் அவர் விட்டதில்லை.

மார்ச் 25, புதன்

சம்பந்தி வந்தார். சாவியைக் கொடுத்தோம். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துக் "காரணம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "எழுதிக்கோங்க சம்பந்தி. மெக்கானிக் அதிகமா இறுக்கினது. மெக்கானிக் கைக்கு உணர்வு இல்ல, எட்டு மாசமா."

மகளின் வீட்டில் இதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசிப்பாரே என்று நினைத்தேன். சம்பந்தி எழுதினார். ஒரு எழுத்து விடாமல் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "எவ்வளவு இறுக்கம்?" என்றார்.

"நாப்பத்தெட்டு நியூட்டன் மீட்டர்" என்றேன். "இருபது இருக்கணும்."

நாற்பத்தெட்டு, இருபது, இரண்டையும் எழுதினார். பேனாவை மூடினார். நோட்டை மூடினார்.

"எந்த டாக்டர்கிட்ட போறீங்க? எப்ப?"

அவர் ஏதோ முனகினார், பார்க்கலாம் என்கிற மாதிரி.

"பாக்கலாம்னா என்ன தேதி?" சம்பந்தி நோட்டைத் திரும்பத் திறந்து அடுத்த வரியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து, அங்கேயே போன் போட்டு நேரம் வாங்கினேன். ஏப்ரல் இரண்டு. அதை எழுதிக்கொண்ட பிறகுதான் கிளம்பினார். "வண்டி நான் கொண்டு வர்றேன். எட்டு மணிக்கு ரெடியா இருங்க."

மார்ச் 27, வெள்ளி

பாஸ்.

ஏப்ரல் 2, வியாழன்

ஊசி மாதிரி எதையோ கையில் குத்தி, மின்சாரம் விட்டு, திரையில் கோடு பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "இவங்ககிட்டயும் ஸ்கேனர் இருக்கு" என்றார். கையில் மின்சாரம் விடுவதைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் அபிப்பிராயம் இல்லை.

டாக்டர் சொன்னது: விரலில் கோளாறு இல்லை. விரலுக்குப் போகிற நரம்பு மணிக்கட்டில் நசுங்கியிருக்கிறது. முப்பது வருஷ ஸ்பானர். இரண்டு கையிலும் இருக்கிறது, வலதில் மோசம். கிழித்து இடம் பண்ணிக் கொடுத்தால் மேற்கொண்டு கெடாது. போன உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். எட்டு மாசம் முன்னால் வந்திருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பேன் என்றார்.

சென்சார் நன்றாக இருக்கிறது, ஒயர்தான் நசுங்கியிருக்கிறது. ஒயர் என் இலாகா.

சம்பந்தி வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். காரணக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 16, வியாழன்

வலது கை ஆபரேஷன். இருபது நிமிஷம். மேனிஃபோல்ட் இறக்கவே எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகுதே என்று டாக்டரிடம் சொன்னாராம்.

ஏப்ரல் 29, புதன்

தையல் பிரித்தார்கள். உணர்வு இல்லை. தினமும் பஞ்சு, அரிசி, மணல் என்று தடவிப் பழக வேண்டுமாம். மூன்றும் ஒன்றுதான் என்கிறார்.

பட்டறையில் நான் இறுக்குகிறேன், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சொல்கிறார். நான் டார்க் ரெஞ்ச் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் டிக் கேட்கும் வரை பேச மாட்டார்.

மே 18, திங்கள்

உணர்வு இல்லை. "எழுதாத, தினமும் அதையே எழுதாத" என்கிறார். இந்த டைரியை அவர் படிக்கிறார் என்று இன்று தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். பஞ்சை எடுத்துத் தடவ ஆரம்பித்தார்.

மே 30, சனி

இன்று ஒயரெல்லாம் சுருட்டி வைத்திருந்தார். நான் சொல்லவில்லை. நிறம் வாரியாகச் சுருட்டி, டேப் ஒட்டி. என்னைவிட ஒழுங்காக இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 11, வியாழன்

ஒரு வண்டிக்கு ஆயில், ஒன்றுக்கு பெல்ட். நாலு மணிக்கு டீ போட்டு அவர் டம்ளரை நீட்டினேன். வெறும் வலது கையில் வாங்கினார். வாங்கியவர் உடனே மேசையில் வைத்துவிட்டுக் கட்டை விரலை டீ-ஷர்ட்டில் தேய்த்தார்.

"சுடுது" என்றார்.

என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன?" என்றேன்.

"சுடுதுன்னேன். காது கேக்கலையா உனக்கு?"

"கேக்கல" என்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க."